விடியக் குளிசையிலிருந்து கிளினிக் கொப்பி வரை: நார்கொலெப்சி மருந்தைத் தவறாமல் எடுப்பதற்கான முழுமையான வழிகாட்டி

பிரஷருக்கோ சீனி வருத்தத்துக்கோ குளிசை எடுப்பவர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல், பகலில் அடக்க முடியாத நித்திரை வந்து தாக்கும் நார்கொலெப்சி உள்ளவர்களுக்கு இருக்கிறது. விழிப்பைத் தரும் குளிசையை எடுக்க வேண்டிய நேரத்தில் எங்களுக்கு விழிப்பு இராது. கை தன்பாட்டில் வேலை செய்யும், மனம் நித்திரையில் இருக்கும். அதனால் ஞாபகசக்தியை நம்பிப் போடும் எந்த ஏற்பாடும் இரண்டு கிழமைக்கு மேல் நிற்காது. அரை நித்திரையில் இருக்கும் ஒருவரால் பிழைவிட முடியாத ஏற்பாடுதான் எங்களுக்கு வேண்டும்.

நான் கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறேன். 11 வருடமாக விழிப்புக்கு மொடாபினிலும், சிரிக்கும்போது உடம்பு தளர்ந்து விழுவதைத் தடுக்க வென்லாபக்சினும் எடுக்கிறேன். புதிதாக நோய் கண்டறியப்பட்ட பலரோடு அவர்களின் முதல் மாதத்தில் கூட இருந்திருக்கிறேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் இடறுகிறார்கள். மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டொக்டரின் வேலை. அவர் சொன்ன அளவு, சொன்ன நேரத்தில், ஒரே ஒரு தடவை வயிற்றுக்குள் போகச் செய்வது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஏழு நாள் குளிசைப் பெட்டி ஒன்று வேண்டும். ஒவ்வொரு நாளுக்கும் குறைந்தது இரண்டு அறை இருக்கட்டும். படுக்கையருகே வைக்க, ஒரே ஒரு குளிசை மட்டும் கொள்ளும் சிறிய டப்பா ஒன்று. திருகாமலே திறந்து குடிக்கக்கூடிய தண்ணீர்ப் போத்தல். 40 பக்கக் கொப்பியும் நூலில் கட்டிய பேனையும். இரண்டு அலாம், அவற்றில் ஒன்று போனில் இல்லாத பழைய மேசை மணிக்கூடாக இருக்க வேண்டும். நித்திரையிலேயே போனைத் தடவி அலாமை நிறுத்தப் பழகிய விரல்கள் எங்களுடையவை.

கடைசியாக, ஒரு ஆள். அம்மா, கணவர், அறைத்தோழி, யாராக இருந்தாலும் சரி. தினமும் மருந்து தர அல்ல, கிழமைக்கு ஒருதடவை பெட்டியைப் பார்க்க.

1. டொக்டரிடம் மணிக்கணக்கில் எழுதி வாங்குங்கள்

சனல் பண்ணிப் போனால் அறைக்குள் கிடைப்பது பத்து நிமிடம். அதற்குள் துண்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறோம். துண்டில் ‘நாளுக்கு இரண்டு’ என்று மட்டும் இருக்கும். அன்ரிபயோட்டிக் எடுத்துப் பழகியவர்கள் அதைப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்று என்று எடுத்துக்கொள்வார்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு தம்பி காலை 8 மணிக்கு ஒன்றும் இரவு 8 மணிக்கு ஒன்றுமாக மூன்று கிழமை மொடாபினில் எடுத்திருக்கிறார். இரவு முழுக்க முழிப்பு, பகல் முழுக்க மயக்கம். ‘இந்த மருந்து எனக்குச் சரிவரவில்லை’ என்று நிறுத்தவும் இருந்தார். மருந்து தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது, நேரம்தான் பிழைத்தது.

ஒரு தாளில் இந்த ஆறு கேள்விகளையும் முதலே எழுதிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு குளிசையும் மணிக்கூட்டில் எத்தனை மணிக்கு? எத்தனை மணிக்குப் பிறகு எடுக்கவே கூடாது? ஒருவேளை தவறினால் என்ன செய்வது? சாப்பாட்டுக்கு முன்னா பின்னா? இவற்றில் எதைத் திடீரென நிறுத்தக் கூடாது? எந்த அறிகுறி வந்தால் கேட்காமலே நிறுத்திவிட்டு வர வேண்டும்?

இரண்டாவது கேள்விக்கான விடையைக் கடைசி நேரம் என்று வைத்துக்கொள்வோம். இனிமேல் எல்லா முடிவும் அந்த ஒரு எண்ணில்தான் தொங்கும். அதைத் தடித்த எழுத்தில் எழுதிக் குளிசைப் பெட்டியின் மூடியில் ஒட்டுங்கள்.

2. முதலில் நித்திரை நேரம், பிறகு மருந்து நேரம்

புதியவர்கள் மருந்து நேரத்தை முதலில் போட்டுவிட்டு நித்திரையை அதற்குள் திணிக்கப் பார்ப்பார்கள். வரிசையை மாற்றுங்கள். எழும்பும் நேரத்தை முதலில் கட்டுங்கள். ஞாயிறும் போயாவும் அதே நேரம்தான்.

காரணம் எளிது. மொடாபினில் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 12 முதல் 15 மணித்தியாலம் எடுக்கும். காலை 8 மணிக்கு எடுத்தது இரவு 8க்கும் 11க்கும் இடையில்தான் பாதியாகும். ஞாயிற்றுக்கிழமை 11 மணிக்கு எழும்பி அப்போது குளிசையை எடுத்தால் அன்றிரவு நித்திரை குழம்பும், திங்கட்கிழமை காலை அலாம் கேட்காது, குளிசை இன்னும் பிந்தும். ஒரு ஞாயிறு ஒரு முழுக் கிழமையைத் தின்றுவிடும். விழிப்புக்குத் தரும் இன்னொரு மருந்தான மெதைல்பெனிடேற்றின் சாதாரணக் குளிசை இதற்கு எதிர்மாறு. அரை மணித்தியாலத்தில் பிடித்து மூன்று நான்கு மணித்தியாலத்தில் விட்டுவிடும். நீண்ட நேரம் வேலை செய்யும் வகை வேறு. உங்களிடம் இருப்பது எது என்று தெரியாமல் நேரம் போட முடியாது.

இரவு நித்திரை முறிந்து முறிந்து வருவது இந்த வருத்தத்தின் பகுதிதான். எல்லாவற்றையும் மருந்தின் தலையில் போட வேண்டாம். இரண்டு கிழமை ஒரே நேரத்தில் எழும்பிப் பார்த்த பிறகுதான் அளவு பற்றிக் கதைக்கலாம்.

3. விடியக் குளிசை

இந்தப் படியில்தான் அதிகம் பேர் தோற்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

மொடாபினில் முழு வேகத்துக்கு வர 2 முதல் 4 மணித்தியாலம் ஆகும். 6.30க்கு எழும்பி, குளித்து, சாப்பிட்டு, 7.15க்குக் குளிசையைப் போட்டுக்கொண்டு 100ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறினால், காலி வீதியில் பம்பலப்பிட்டி தாண்டுவதற்குள் தலை யன்னலில் சாய்ந்துவிடும். கரையோர ரயிலில் போகிறவர்கள் கோட்டையைத் தவறவிட்டு மருதானையில் கண் முழிப்பார்கள். மருந்து எடுத்தும் பிடிக்கவில்லை என்று பலர் சொல்வது இதைத்தான். மருந்து வழியில் வந்துகொண்டிருக்கிறது, நீங்கள் அதற்கு முதல் புறப்பட்டுவிட்டீர்கள்.

பலர் செய்வது, டொக்டரிடம் கேட்டுவிட்டு நானும் செய்வது இது. உண்மையில் எழும்ப வேண்டிய நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முந்தி முதல் அலாம். எழும்பிக் குளிசையை எடுத்துவிட்டுத் திரும்பவும் படுப்பது. இரண்டாவது அலாமுக்கு உண்மையாக எழும்புவது. அப்போது மருந்து கைகொடுக்கத் தொடங்கியிருக்கும்.

இதற்குப் படுக்கையருகே ஏற்பாடு இப்படி இருக்க வேண்டும்.

டப்பாவில் ஒரே ஒரு குளிசை. முழு அட்டையைத் தலையணைக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. அரை நித்திரையில் முதல் அலாமுக்கு ஒன்று, இரண்டாவது அலாமுக்கு இன்னொன்று என்று எடுத்தவர்கள் இருக்கிறார்கள். நான் பாவிப்பது ஒரு எவர்சில்வர் குங்குமச் சிமிழ். குளிசை உள்ளே இருந்தால் குலுக்கும்போது கிலுகிலு என்று சத்தம் வரும், இல்லாவிட்டால் வராது. கண்ணைத் திறக்காமலே தெரியும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை மேசையில் வைக்க வேண்டாம். அவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில், உங்கள் கைக்கு எட்டும் தட்டு ஒன்றைச் சுவரில் அடியுங்கள்.

படுத்தபடி விழுங்க வேண்டாம். இரண்டு காலும் தரையில் படும்படி எழும்பி இருந்து, அரைக் கிளாஸ் தண்ணீராவது குடியுங்கள். படுத்தபடி ஒரு மிடறோடு விழுங்கினால் குளிசை தொண்டையில் ஒட்டிக் கரையும், நெஞ்செரிவு நாள் முழுக்க இருக்கும். அதோடு, வாயில் குளிசையை வைத்தபடியே நித்திரையாகிவிடுவதும் நடக்கும்.

விழுங்கியதும் சிமிழைக் கவிழ்த்து வையுங்கள். கவிழ்ந்த சிமிழ் என்றால் எடுத்தாயிற்று. இரண்டாவது அலாமுக்கு எழும்பும்போது முதலில் கை போவது அதற்குத்தான்.

மேசை மணிக்கூடு கட்டிலிலிருந்து நான்கு அடி தள்ளி இருக்கட்டும். ஆனால் குளிசையும் தண்ணீரும் கட்டிலோடு ஒட்டி இருக்க வேண்டும். இரண்டையும் தூரத்தில் வைத்தால் அலாமை நிறுத்திவிட்டுக் குளிசையை மறந்து திரும்புவீர்கள், இரண்டையும் கிட்ட வைத்தால் எழும்பவே மாட்டீர்கள்.

சாப்பாட்டோடு எடுத்தால் மொடாபினில் பிடிப்பதற்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் பிந்தும். அதனால் விடியற்காலைக் குளிசைக்கு வெறும் வயிறு நல்லது, இடியப்பமும் சம்பலும் பிறகு. வயிற்றைப் பிரட்டுகிறவர்கள் ஒரு கிறீம் கிறேக்கர் பிஸ்கட் சாப்பிடலாம். எதைச் செய்தாலும் தினமும் அதையே செய்யுங்கள். ஒருநாள் வெறும் வயிறு, ஒருநாள் நிறைந்த வயிறு என்றால் மருந்து எப்போது பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

முதல் நாட்களில் தலையிடி வருவது சாதாரணம். தண்ணீர் குறையக் குடித்தால் அது கூடும். கொழும்பு வெக்கையில் இன்னும் கூடும்.

4. எடுத்தேனா இல்லையா

நித்திரை பிடிக்கும்போது கை வேலையைத் தொடரும், மனம் அங்கே இராது. எழுதிக்கொண்டே இருப்போம், வரி சரிந்து சரிந்து பக்கத்தின் ஓரத்துக்குப் போய்விடும். ஒருநாள் என் கொப்பியில் ‘5.15 எடுத்தேன்’ என்று கோணல்மாணலாக எழுதியிருந்தது. என் கையெழுத்துத்தான். சிமிழைக் குலுக்கினேன், கிலுகிலு என்றது.

அன்றிலிருந்து எழுத்தை நம்புவதில்லை. போனில் ‘எடுத்தாயிற்று’ என்று அழுத்துவதையும் நம்புவதில்லை. வெறுமையான அறை மட்டும்தான் சாட்சி.

அதனால் எல்லாக் குளிசையும் பெட்டி வழியாகத்தான் வாய்க்குப் போக வேண்டும். அட்டையிலிருந்து நேரே எடுக்கும் பழக்கம் ஒருநாளும் வேண்டாம். இரவு படுக்கமுன் மறுநாள் காலை அறையிலிருப்பதைச் சிமிழுக்கு மாற்றுங்கள். பெட்டியைக் கிழமைக்கு ஒருதடவை, நீங்கள் நன்றாக முழித்திருக்கும் நேரத்தில் நிரப்புங்கள். எனக்கு அது ஞாயிறு காலை 10 மணி. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நிரப்பினால் ஒரு அறையில் இரண்டும் இன்னொரு அறையில் ஒன்றும் இல்லாமலும் போகும். நிரப்பியதை அந்த இரண்டாவது ஆள் எண்ணிப் பார்க்கட்டும்.

பெட்டியும் குழம்பி, எடுத்தேனா இல்லையா என்று தெரியவே இல்லையென்றால், எடுக்க வேண்டாம். ஒருநாள் நித்திரை தூங்கி வழிவதைச் சமாளிக்கலாம். இரட்டை அளவு எடுத்து நெஞ்சு படபடத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடப்பது அதைவிட மோசம்.

குளிசை தவறியது பிறகு தெரியவந்தால் மணிக்கூட்டைப் பாருங்கள். கடைசி நேரத்துக்கு முந்தியென்றால் எடுக்கலாம். பிந்திவிட்டால் விட்டுவிடுங்கள். மறுநாள் இரண்டாக எடுத்து ஈடுகட்டக் கூடாது.

5. மத்தியானக் குளிசையும் குட்டி நித்திரையும்

இரண்டாவது வேளை உள்ளவர்கள் அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று வைத்துக்கொள்வது வழக்கமான பிழை. சோற்றுப் பார்சலை அவிழ்த்துச் சாப்பிட்டு முடித்ததும் எங்களுக்கு நித்திரை வரும். அதோடு குளிசையும் போய்விடும், 4 மணிக்கு ஞாபகம் வரும்போது கடைசி நேரம் தாண்டியிருக்கும். பார்சலை அவிழ்க்குமுன் அலாம் அடிக்கட்டும், குளிசை முதலில்.

பார்சலில் சோறு அதிகம். பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியை 3 மணிக்கு வைத்துக்கொண்டால் பின்னேரம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம்.

குளிசை எடுக்கிறேன், இனிக் குட்டி நித்திரை தேவையில்லை என்று நினைக்க வேண்டாம். 15 முதல் 20 நிமிடம் அலாம் வைத்துக்கொண்டு கொள்ளும் நித்திரை மருந்தின் பாதி வேலையைத் தூக்கிக்கொள்ளும். அதை விட்டுவிட்டு இன்னொரு குளிசை கேட்டு டொக்டரிடம் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கந்தோரில் இடம் கேட்க வெட்கமாக இருக்கும். ஒரு மருத்துவக் கடிதத்தோடு நேரே மேலதிகாரியிடம் கேளுங்கள். ஒளித்து மேசையில் சாய்ந்து பிடிபட்டால் சோம்பேறி என்ற பெயர் வரும். அந்தப் பெயரைக் கழுவ வருடக்கணக்காகும்.

தேத்தண்ணியை மருந்தாக எண்ண வேண்டாம். கந்தோரில் வரும் 10 மணித் தேத்தண்ணி பரவாயில்லை. மெதைல்பெனிடேற் எடுப்பவர்கள் அதோடு கடும் சாயத்தையும் கோப்பியையும் சேர்த்தால் நெஞ்சு படபடப்பும் கைநடுக்கமும் வரும். அதை மருந்தின் குற்றம் என்று நினைத்துவிடுவார்கள்.

6. சிரிக்கும்போது விழுகிறவர்களுக்கு: இந்த ஒரு மருந்தைத் தவறவிடவே வேண்டாம்

எல்லோருக்கும் இது இல்லை. முதலாம் வகை நார்கொலெப்சியில் சிரிப்போ திடீர் ஆச்சரியமோ வந்தால் முழங்கால் மடியும், தாடை தொங்கும், கையிலிருப்பது விழும். நினைவு இருக்கும், உடம்பு மட்டும் கேட்காது. இதற்குப் பெயர் கற்றப்ளெக்சி. விழிப்பைக் காக்கும் ஒரெக்சின் என்ற பொருளைச் சுரக்கும் மூளைக் கலங்கள் அழிந்துபோவதால் வருவது.

இதற்கு வென்லாபக்சின், புளுவொக்செற்றின், குளோமிப்ரமின் போன்றவற்றை டொக்டர்கள் தருவார்கள். மூன்றும் மனச்சோர்வுக்கும் தரப்படும் மருந்துகள். பிரச்சினை அங்கேதான் தொடங்கும். வீட்டில் ஒருவர் பெட்டிக்குள் இருக்கும் தாளை வாசிப்பார், அல்லது போனில் பெயரை அடித்துப் பார்ப்பார். ‘பிள்ளைக்கு மனநோய்க் குளிசை கொடுக்கினமாம்’ என்று ஒரு கதை கிளம்பும். கலியாணம் பேசும் வயதென்றால் இன்னும் பயம். என் அம்மா பாசத்தால் செய்தது இதுதான். எனக்குச் சொல்லாமல் என் பெட்டியிலிருந்து வென்லாபக்சினை எடுத்து ஒளித்து வைத்தார். மூன்றாம் நாள் அடுப்படியில் தங்கச்சி ஏதோ சொல்லிச் சிரிக்க, நான் சொதிச் சட்டியோடு கீழே இருந்தேன். அன்று முழுக்க ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது.

இந்த மருந்தைத் திடீரென நிறுத்தினால் கற்றப்ளெக்சி முன்பைவிட வேகமாகத் திரும்பும். சிலருக்கு மணிக்கணக்காக விடாமல் வரும். தலைச்சுற்றும் குமட்டலும் சேரும். குறைப்பதென்றால் டொக்டர் சொல்லும் படிக்கட்டில்தான் இறங்க வேண்டும்.

அதனால் செய்ய வேண்டியது: முதல் துண்டு கிடைத்த அன்றே வீட்டாரை இருத்தி விளங்கப்படுத்துங்கள். ஒரே மருந்து இரண்டு வேலை செய்யும், கற்றப்ளெக்சிக்குப் பெரும்பாலும் குறைந்த அளவே போதும், சில நாட்களிலேயே பலன் தெரியும் என்று சொல்லுங்கள். முடிந்தால் அடுத்த கிளினிக்குக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் ஒரு மணித்தியாலம் சொல்லி ஏறாதது டொக்டர் ஒரு நிமிடம் சொன்னால் ஏறும்.

வென்லாபக்சினைச் சாப்பாட்டோடு எடுங்கள். நீண்ட நேரம் வேலை செய்யும் கப்சியூலை உடைக்கவோ மெல்லவோ கூடாது. பிரஷர் கூடலாம் என்பதால் மாதம் ஒருதடவையாவது அளந்து எழுதுங்கள். மெதைல்பெனிடேற்றுக்கும் மொடாபினிலுக்கும் இதே விதிதான்.

7. தடிமன் வந்தால் பாமசிக்குப் போகுமுன்

மழை தொடங்கினால் கொழும்பில் தடிமன். வீட்டில் இருக்கும் குளோர்பெனிரமின், எல்லோரும் பிரிட்டோன் என்று கேட்டு வாங்குவது, நல்ல மனிதரையே நித்திரையாக்கும். எங்களுக்கு அது காலையில் எடுத்த குளிசையை முழுதாகத் தோற்கடிக்கும். நித்திரை தராத வகை ஒன்றைக் கேளுங்கள். கொத்தமல்லி அவித்துக் குடிப்பதில் பிரச்சினை இல்லை.

இருமல் பாணியில் டெக்ஸ்ட்ரோமெதோர்பன் இருக்கிறதா என்று கேளுங்கள். அதுவும், வலிக்குக் கொடுக்கும் ட்ரமடோலும் வென்லாபக்சின் போன்றவற்றோடு சேர்ந்தால் ஆபத்து. செரொட்டொனின் என்ற மூளை இரசாயனம் மிகுதியாகி, காய்ச்சல், நடுக்கம், தடுமாற்றம் வரலாம். மூக்கடைப்புக்குத் தரும் சூடோஎபெட்ரின், மெதைல்பெனிடேற்றோடு சேர்ந்தால் பிரஷரை ஏற்றும். மதுவும் நித்திரைக் குளிசையும் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

பல்லுக் கழற்றப் போனாலும் சத்திரசிகிச்சைக்குப் போனாலும் உங்கள் மருந்துப் பட்டியல் முதலில் மேசைக்குப் போக வேண்டும்.

8. பெண்கள் கேட்க மறக்கும் கேள்வி

மொடாபினில் கருத்தடைக் குளிசையின் பலத்தைக் குறைக்கும். கையில் வைக்கும் ஹோர்மோன் குச்சிக்கும் அவசரக் கருத்தடைக் குளிசைக்கும் இது பொருந்தும். மொடாபினிலை நிறுத்திய பிறகும் ஒன்றிரண்டு மாதம் இந்தப் பாதிப்பு இருக்கும். கர்ப்பகாலத்தில் எடுத்தால் சிசுவுக்குக் குறைபாடு வரும் அபாயம் கூடலாம் என்பதால் அப்போது தவிர்க்கச் சொல்கிறார்கள்.

நரம்பு டொக்டர் இதைக் கேட்க மறக்கலாம். கருத்தடை தரும் கிளினிக்கில் நார்கொலெப்சி மருந்து பற்றித் தெரியாமல் இருக்கலாம். இரண்டு இடத்துக்கும் நடுவில் நிற்பது நீங்கள்தான். குடும்பநல மாதுவிடம் மருந்தின் பெயரை எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். கருப்பையில் வைக்கும் செப்பு லூப்பை இந்த மருந்து பாதிக்காது. பிள்ளைக்கு விருப்பமென்றால் முயற்சிக்கு முந்தியே டொக்டரிடம் போங்கள். மாதம் தள்ளிய பிறகு பயந்து எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்துவது இரண்டு பக்கமும் கஷ்டம்.

9. கையிருப்பு: பத்து நாள் இருக்கும்போதே புறப்படுங்கள்

இந்தக் குளிசைகள் பனடோல் மாதிரி எல்லாத் தெருமுனைப் பாமசியிலும் இருப்பவை அல்ல. மெதைல்பெனிடேற் கடும் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து, துண்டு இல்லாமல் கதையே இல்லை. 2022 இல் டொலரோடு மருந்தும் தட்டுப்பாடானபோது ஒரு அட்டைக்காக லிப்டன் சுற்றுவட்டத்தில் உள்ள அரசாங்கப் பாமசியான ஒசுசலவிலிருந்து தொடங்கி ஐந்தாறு பாமசி ஏறி இறங்கினோம். அந்த வருடம் கற்றுக்கொண்ட விதி இது: பெட்டியை நிரப்பிய பிறகு பத்து நாளுக்கான குளிசை மட்டும் மிஞ்சினால், அன்றே தேடத் தொடங்க வேண்டும். ஞாயிறும் போயாவும் இடையில் வந்தால் பத்து நாள் ஏழாகிவிடும்.

முதலில் போனில் கேளுங்கள், பிறகு ஓட்டோ பிடியுங்கள். மருந்தின் பொதுப்பெயரையும் மில்லிகிராமையும் சொல்லிக் கேளுங்கள். வியாபாரப் பெயர் கப்பலுக்குக் கப்பல் மாறும். துண்டைப் போனில் படம் எடுத்து வையுங்கள், பழைய அட்டை ஒன்றையும் கையில் கொண்டுபோங்கள்.

வாங்கியதும் கவுண்டரை விட்டு நகருமுன் மில்லிகிராமைப் பாருங்கள். ஒரு தடவை ஒரு பாமசியில் 100க்குப் பதிலாக 200 தந்துவிட்டார்கள். அட்டையின் நிறம் ஒன்று, எழுத்து ஒன்று. இரண்டு நாள் தலையிடியோடும் படபடப்போடும் இருந்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

அரசாங்கக் கிளினிக்கில் மருந்து எடுப்பவர்கள் அடுத்த திகதிக்கும் கையிருப்புக்கும் நடுவில் எத்தனை நாள் என்று அங்கேயே எண்ணிப் பாருங்கள். குறைந்தால் அங்கேயே சொல்ல வேண்டும், வீட்டுக்கு வந்து எண்ணிப் பயனில்லை. சென்னையிலிருந்தோ கனடாவிலிருந்தோ உறவினர் அனுப்பும் குளிசையை டொக்டரிடம் காட்டாமல் தொடங்க வேண்டாம். கனடா போன்ற நாடுகளில் சிலர் எடுக்கும் சோடியம் ஒக்ஸிபேற் என்ற இரவு மருந்து, படுத்த பிறகு கட்டிலிலேயே எடுத்து, இரண்டரை முதல் நான்கு மணித்தியாலத்தில் எழும்பி மீண்டும் எடுக்கும் வேறொரு முறை. கேட்டறிந்து செய்யும் மருந்தல்ல.

மருந்தை அடுப்படியிலும் குளியலறையிலும் வைக்காதீர்கள், ஈரமும் சூடும் கெடுக்கும். அலுமாரிக்குள் பூட்டி வையுங்கள். பூட்டச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உயர்தரப் பரீட்சை நெருங்கினால் சொந்தக்காரப் பிள்ளைகள் ‘முழிச்சிருந்து படிக்க ஒண்டு தாங்கோ’ என்று கேட்பார்கள். ஒன்றுகூடக் கொடுக்க வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு இருதயத்தில் என்ன இருக்கிறது, வேறென்ன மருந்து எடுக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் கணக்கிலும் ஒருநாள் குறையும்.

10. கொப்பியில் மூன்று நிரல்

எடுத்த நேரம், பிடித்த நேரம், விட்ட நேரம். இவ்வளவும் போதும். பத்து விடயம் எழுதத் தொடங்கியவர்கள் நான்காம் நாள் கைவிடுவார்கள். நித்திரை தாக்கிய இடத்தை ஒரு சொல்லில் எழுதுங்கள்: பஸ், மீற்றிங், கோயில். கற்றப்ளெக்சி வந்தால் ஒரு புள்ளி.

மாதம் ஒருதடவை, பகல் நித்திரையை அளக்கும் எப்வொர்த் கேள்விகளுக்குப் புள்ளி போடுங்கள். எட்டுக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 24. 10க்கு மேல் என்றால் பகல் நித்திரை அதிகம். ‘பரவாயில்லை டொக்டர்’ என்று சொல்லி வெளியே வருவதைவிட ‘போனமாதம் 17, இந்தமாதம் 13, ஆனால் 2 மணிக்கு விட்டுவிடுகிறது’ என்று சொன்னால் அந்தப் பத்து நிமிடத்தில் உண்மையான மாற்றம் நடக்கும். 17இலிருந்து 13 என்பது மருந்து வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். சாதாரண மனிதர் மாதிரி ஆகவில்லையே என்று மருந்தை மாற்றச் சொல்லி அவசரப்பட வேண்டாம்.

11. நோன்பும் பயணமும்

ரமழானில் சஹருக்குக் காலைக் குளிசையை எடுக்கலாம். மத்தியான வேளைக்கு இடமில்லை. அதை நோன்பு திறக்கும்போது எடுத்தால் இரவு போய்விடும். நோன்புக்கு இரண்டு கிழமை முந்தியே டொக்டரிடம் போய் ஒரே வேளைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். கந்தசஷ்டி விரதகாரர் தண்ணீரும் குடியாமல் இருப்பதென்றால் அதையும் சொல்லுங்கள்.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நேரம் ஒன்று, சென்னைக்குப் போனால் எதையும் மாற்றத் தேவையில்லை. வேறு நாடென்றால் மருந்தைக் கைப்பையில், சொந்த அட்டையோடு, ஆங்கிலக் கடிதத்தோடு கொண்டுபோங்கள். மெதைல்பெனிடேற் 1971ஆம் ஆண்டின் ஐ.நா. உளத்தூண்டல் மருந்துகள் உடன்படிக்கையில் உள்ளது. வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள் டிக்கெட் எடுக்குமுன் அந்நாட்டின் முன் அனுமதி பற்றித் தூதரகத்தில் கேட்டே ஆக வேண்டும்.

12. கேட்காமல் நிறுத்த வேண்டியதும், பணப்பையில் வைக்க வேண்டியதும்

மொடாபினில் தொடங்கிய முதல் கிழமைகளில் தோலில் தடிப்பு, வாயில் புண், காய்ச்சல், முகவீக்கம் வந்தால் அடுத்த குளிசையை எடுக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரிதாக வரும், ஆனால் உயிருக்கு ஆபத்தான தோல் நோயின் தொடக்கமாக இருக்கலாம். நெஞ்சுவலி, மூச்சுமுட்டல், இல்லாததைக் காண்பது, உயிரை மாய்க்கும் எண்ணம் ஆகியவையும் அப்படியே. இலவச அம்புலன்ஸுக்கு 1990.

அதைவிட அடிக்கடி நடப்பது வேறு. பஸ் நிலையத்தில் கற்றப்ளெக்சி வந்து விழுந்தால் சனம் வெறி என்று விலகும், அல்லது வலிப்பு என்று கையில் இரும்பைத் திணிக்கும். வாயில் தண்ணீர் ஊற்றுகிறவர்களும் உண்டு. விழுந்து கிடப்பவருக்கு எல்லாம் கேட்கும், சொல்லத்தான் முடியாது.

அதற்கு ஒரு சிறிய அட்டை. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் சிங்களம், கீழே ஆங்கிலத்தில் மருந்துப் பெயர்களும் அளவும், வீட்டு நம்பரும். சிங்களப் பக்கத்தை நன்றாக எழுதத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து எழுதுவியுங்கள், கொழும்பில் முதலில் குனிந்து பார்ப்பவர் வாசிப்பது பெரும்பாலும் அந்தப் பக்கத்தைத்தான். என் அட்டையில் இருப்பது இது:

‘எனக்கு நார்கொலெப்சி என்ற நித்திரை நோய் உண்டு. இது வெறியோ வலிப்போ அல்ல. நீங்கள் கதைப்பது எனக்குக் கேட்கிறது. வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம். என்னைப் பக்கவாட்டில் திருப்பி விடுங்கள். ஓரிரு நிமிடத்தில் எழும்புவேன். ஐந்து நிமிடத்துக்கு மேலானால் 1990க்கு எடுங்கள்.’

அடையாள அட்டைக்கு மேலே, பணப்பையைத் திறந்ததும் தெரியும் பக்கத்தில் வையுங்கள். மருந்தோ அளவோ மாறிய அன்றே அட்டையையும் மாற்றுங்கள்.